சீரகம்: கொங்கு வீட்டுக் கேள்விகளும் மளிகைக்காரன் பதில்களும்

காங்கேயம் பக்கம் எங்களுக்கு மளிகைக் கடை. மஞ்சளைப் பற்றி இங்கே யாரும் கடைக்காரனிடம் கேட்பதில்லை. அவரவர் காட்டில் விளைகிறது, கேட்டால் அவர்கள்தான் எனக்குச் சொல்லித் தருவார்கள். சீரகம் அப்படியல்ல. தினமும் சட்டியில் விழுகிறது, ஆனால் செடியைப் பார்த்தவர் எங்கள் ஊரில் அநேகமாக யாரும் இல்லை. அதனால் கேள்வி ஓய்வதே இல்லை. திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

ஏனுங்க, சீரகம் நம்ம பக்கம் எங்கயாச்சும் வெளையுதுங்களா?

இல்லைங்க. கடையில் நீங்கள் பார்க்கும் சீரகம் அநேகமாக முழுக்க குஜராத், ராஜஸ்தான் சரக்கு. குஜராத்தில் பனாஸ்காண்டா, சுரேந்திரநகர், கட்ச் பக்கமும், ராஜஸ்தானில் ஜோத்பூர், பார்மேர், ஜாலோர் பக்கமும் விளைந்து, பெரும்பகுதி மெஹ்சானா மாவட்டத்து ஊஞ்சா மண்டிக்கு வருகிறது. ஈரோட்டு மஞ்சள் மண்டிக்கு நம் ஊரில் என்ன மரியாதையோ, சீரகத்துக்கு ஊஞ்சாவுக்கு அந்த மரியாதை. காலையில் அங்கே ஏலம் எப்படிப் போகிறதோ அப்படித்தான் கோவை ரங்கே கவுடர் வீதியில் மொத்த விலை அசையும். உலகத்தில் விளையும் சீரகத்தில் பாதிக்கு மேல் இந்தியாவில்தான். மிச்சம் சிரியா, துருக்கி, ஈரான், சீனா, ஆப்கானிஸ்தான் போன்ற நாடுகளில்.

செடி எப்படி இருக்கும்?

முழங்கால் உயரம்கூட வராது. இலை நூல் நூலாகப் பிரிந்திருக்கும். பூ வெள்ளை அல்லது வெளிர் சிவப்பு, குடை விரித்ததுபோல் கொத்தாக. கொத்தமல்லியைப் பூக்க விட்டுப் பார்த்திருந்தால் பாதி புரிந்துவிடும், இரண்டும் ஒரே குடும்பம். கேரட், சோம்பு, ஓமம், பெருங்காயச் செடி எல்லாம் அதே குடும்பத்துப் பங்காளிகள். தாவரவியலில் இதன் பெயர் குமினம் சைமினம்.

நாம் விதை என்று சொல்வது உண்மையில் காய்ந்த காய். நீளவாக்கில் வரி வரியாக இருக்கிறதே, வாசனை எண்ணெய் அந்தத் தோலுக்குள் ஓடும் நுண்ணிய குழாய்களில்தான் இருக்கிறது. அதனால்தான் விரலால் நசுக்கினாலே மணக்கிறது.

விதைத்து 100 முதல் 120 நாளில் அறுவடை. செடி பழுத்து மஞ்சளானதும் பிடுங்கிக் காயவைத்து, தடியால் தட்டி எடுப்பார்கள். களத்தில் போட்டு வண்டி ஓட்டினால் நசுங்கிப் போகும். இந்தச் சங்கதி பைபிளிலேயே இருக்கிறது. ஏசாயா 28-ஆம் அதிகாரத்தில், சீரகத்தின் மேல் வண்டிச் சக்கரத்தை ஓட்டமாட்டார்கள், கோலால்தான் அடிப்பார்கள் என்று வருகிறது.

மல்லி வருது, மஞ்சள் வருது, சீரகம் மட்டும் ஏன் நம்ம காட்டுல வர மாட்டேங்குது?

பெருந்துறைப் பக்கத்து விவசாயி ஒருவர் இதை விடாமல் கேட்பார். மண் குறை இல்லை என்பது அவர் வாதம். அதில் அவர் சொல்வது சரி. சிக்கல் எந்த மாதத்தில் விதைப்பது என்பதில் இருக்கிறது.

சீரகத்துக்கு வேண்டியது குளிர்ந்த இரவு, காய்ந்த காற்று, மேகமில்லாத வானம். மூன்றும் மூன்று மாதம் தொடர்ந்து வேண்டும். குஜராத்தில் நவம்பரில் விதைக்கிறார்கள். மழை அதற்குள் முடிந்திருக்கும். டிசம்பர், ஜனவரியில் குளிர் இறங்கும், பிப்ரவரி, மார்ச்சில் அறுவடை. நமக்கோ வடகிழக்குப் பருவமழையே அக்டோபரில்தான் தொடங்குகிறது. நவம்பரில் விதைத்தால் இளஞ்செடி ஈரத்தில் நிற்கும், வாடல் நோய் பிடிக்கும். ஃபுசேரியம் என்கிற பூஞ்சை மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறி, நேற்று பச்சையாக நின்ற செடியைச் சாய்த்துவிடும். சரி, மழை முடியட்டும் என்று டிசம்பர் கடைசியில் விதைத்தால், பூத்துக் காய் பிடிக்கும் நேரம் பிப்ரவரி, மார்ச் ஆகிவிடும். அப்போது கோயமுத்தூரிலேயே பகல் வெயில் 33, 35 டிகிரி. காய் நிரம்பாமல் சருகாகிவிடும். முன்னால் போனால் மழை, பின்னால் போனால் வெயில். நடுவில் கிடைக்கிற நாள் போதாது.

விளைகிற ஊரிலேயே இது பயந்து பயந்து வளர்க்கும் பயிர்தான். பூக்கும் சமயத்தில் சில நாள் மேகம் மூடினாலே கருகல் நோய் வந்துவிடும். அங்கே விவசாயி வயலைவிட வானத்தைத்தான் அதிகம் பார்க்கிறார். நம் காட்டில் வாசனைப் பயிர் ஏதாவது வைத்தே ஆகவேண்டும் என்றால் மல்லி வையுங்கள். கரிசலில் மழையீரத்திலேயே வரும், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதற்கென்றே கோ வரிசையில் ரகங்கள் விட்டிருக்கிறது.

மாடியில தொட்டியில போட்டுப் பார்க்கலாமுங்களா?

ஆசைக்குப் போடலாம். மார்கழி பிறக்கும்போது, வறுக்காத புதுச் சீரகத்தை ராத்திரி ஊறவைத்து, மணல் கலந்த மண்ணில் மேலாகத் தூவி மூடுங்கள். ஆழம் வேண்டாம். முளைக்க ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும், அதற்குள் வரவில்லை என்று மண்ணைக் கிளறிவிடாதீர்கள். நாற்று பிடுங்கி நட்டால் பிழைக்காது, போட்ட இடத்திலேயே வளரட்டும். தண்ணீர் தெளித்தால் போதும், தேங்கினால் முடிந்தது. பூவைப் பார்ப்பீர்கள். ரசத்துக்கு ஆகும் அளவுக்குச் சீரகம் கிடைத்தால் எனக்கும் கொண்டுவந்து காட்டுங்கள்.

சோம்பு, பெருஞ்சீரகம், கருஞ்சீரகம், ஷாஜீரா… எல்லாம் ஒண்ணுதானுங்களே?

இந்தக் குழப்பத்தில்தான் அதிகம் பேர் தவறாக வாங்கிப் போகிறார்கள்.

சோம்பும் பெருஞ்சீரகமும் ஒன்று. பச்சை கலந்த நிறம், பருமன், இனிப்பு வாசனை. குருமாவுக்கும் கறிக்கும். சீரகம் அதைவிட ஒல்லி, பழுப்பு, வாசனை காரம். கடிதத்தில் "பெ.சீரகம்" என்று எழுதி அனுப்பினால் நாங்கள் சோம்புதான் கட்டுவோம்.

கருஞ்சீரகத்துக்கும் சீரகத்துக்கும் உறவே கிடையாது. குடும்பமே வேறு. கரிக் கறுப்பாக, முக்கோணமாக, எள்ளைப் போன்ற பருமனில் இருக்கும். நம் பக்கம் மருந்துக்குத்தான் வாங்குவார்கள், குழம்பில் போடுவதில்லை. சீரகம் தீர்ந்துவிட்டது என்று அதைத் தாளித்தால் அன்றைக்குச் சாப்பாடு கசப்புதான்.

ஷாஜீரா என்பது பிரியாணிக்காரர்கள் கேட்பது. மெலிந்து, வளைந்து, கறுத்திருக்கும். இமயமலைப் பக்கம் விளையும் ஒரு வகையைத்தான் வடக்கே காலா ஜீரா என்கிறார்கள், இமாசலத்துச் சரக்குக்கு 2019-இல் புவிசார் குறியீடே கிடைத்தது. சந்தையில் அந்தப் பெயரில் கேரவே என்கிற வேறொரு விதையும் விற்கிறது. விலை கூட என்பதால் கேட்டு, முகர்ந்து பார்த்து வாங்குங்கள்.

சீரக சம்பாவுல சீரகம் இருக்குதுங்களா?

இல்லைங்க, அது அரிசி. மணி சீரகம்போல் சிறுத்து ஒல்லியாக இருப்பதால் வந்த பெயர்.

தாளிக்கும்போது கடுகு முதல்லயா, சீரகம் முதல்லயா?

கடுகு முதலில். கடுகு வெடிக்க எண்ணெய் நன்றாகக் காயவேண்டும். அந்தச் சூட்டில் சீரகம் சில விநாடியில் கருகிவிடும். ஆகவே கடுகு பொரிந்து அடங்கியதும் தீயைக் குறைத்துச் சீரகம் போடுங்கள். நுரைத்து, நிறம் ஒரு படி இறங்கியதும் உடனே வெங்காயமோ பருப்போ போட்டுச் சூட்டை இறக்கிவிடவேண்டும். கறுத்துவிட்டால் அந்த எண்ணெயைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவதே மேல், கசப்பு குழம்பு முழுக்கப் பரவும்.

இரண்டையும் ஒன்றாகப் போடும் வீடுகள் இருக்கின்றன. கடுகு பாதி வெடிக்காமல் பல்லில் அகப்படும், அல்லது சீரகம் கருகும். இரண்டில் ஒன்று நிச்சயம்.

சீரகத்தின் வாசனைக்கு முக்கியக் காரணம் குமினால்டிஹைடு என்கிற பொருள். அது எண்ணெயில் நன்றாகக் கரையும், தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. கொதிக்கிற குழம்பில் முழுச் சீரகத்தை அள்ளிப் போட்டாலும் மணக்காததற்கு அதுதான் காரணம். நம் பக்கம் கடலெண்ணெயில், அதாவது நிலக்கடலை எண்ணெயில், தாளிப்பதுதான் வழக்கம், சீரகத்துக்கு அது நன்றாகச் சேரும் என்பது என் கட்சி. தேங்காயெண்ணெய் சீரகத்தை அமுக்கித் தன் வாசனையை முன்னே தள்ளும்.

அரிசிம்பருப்புக்குச் சீரகம் எவ்வளவு போடறதுங்க? எங்க மருமக சாம்பார்ப் பொடி போடறா.

மருமகளோடு சண்டை வேண்டாம், ஆனால் அது அரிசிம்பருப்பு இல்லை.

அரிசிம்பருப்புச் சாதத்தில் சீரகம்தான் மசாலா. பட்டை இல்லை, கிராம்பு இல்லை, பொடி இல்லை. நான்கு பேருக்கு இரண்டு டம்ளர் அரிசி, அரை டம்ளர் துவரம்பருப்பு. கடலெண்ணெயில் கடுகு, பிறகு ஒரு டீஸ்பூன் நிறையச் சீரகம், கிள்ளிய வரமிளகாய், தட்டிய பூண்டு பத்துப் பல், கறிவேப்பிலை. கைப்பிடிக்குக் குறையாமல் சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம் போட்டால் இனிப்பு தட்டும். ஒரு தக்காளி, மஞ்சள்தூள், உப்பு. களைந்து ஊறிய அரிசியையும் பருப்பையும் போட்டு, ஒன்றுக்கு மூன்று தண்ணீர் வைத்துக் குக்கரை மூடிவிடலாம். வட்டலில் போட்டதும் நெய் ஊற்றவேண்டும், இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

சில வீடுகளில் சீரகத்தில் பாதியைத் தாளித்து, மீதியைப் பூண்டோடு அம்மியில் தட்டிப் போடுகிறார்கள். எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். எண்ணெயில் பொரிந்த சீரகமும் பச்சையாக நசுங்கிய சீரகமும் வேறு வேறு மணம், இரண்டும் ஒரே சோற்றில் கிடைக்கிறது. தட்டைப்பயறு போட்டுச் செய்தாலும் அளவு இதேதான்.

வறுத்து அரைக்கணுமா, பச்சையா அரைக்கணுமா?

எதற்கு என்பதைப் பொறுத்தது. கீரை கடையும்போதும் பச்சைப்பயறு கடையும்போதும் சீரகத்தை வறுக்கவேண்டாம். வேகும்போதே பூண்டோடு சேர்த்துப் போட்டுவிட்டால் மத்தில் அதுவும் கடைபட்டுவிடும். கொள்ளுப் பருப்புக்கும் பச்சையாகவே அரைக்கலாம். வெந்த கொள்ளை வடித்து, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம், மிளகாய், மல்லி வைத்து ஆட்டும்போது கொள்ளின் மண்வாசனையை அடக்குவது சீரகம்தான். வடித்த கொள்ளுத் தண்ணியை ரசம் வைக்கும்போது மிளகையும் சீரகத்தையும் தட்டி இறக்கும் சமயத்தில் போடுங்கள். முன்னாலேயே போட்டுக் கொதிக்கவிட்டால் மணம் ஆவியோடு போய்விடும், அடுப்படிதான் மணக்கும்.

கறிக்குழம்புக்கும் பொடிகளுக்கும் வறுக்கவேண்டும். வறுக்கும்போது பச்சை நெடி குறைந்து புதிதாக ஒரு வறுகடலை மணம் உண்டாகிறது. எண்ணெய் விடாத சட்டியில், சின்னத் தீயில், கை எடுக்காமல். வாசனை மூக்கைத் தொட்டதும் இறக்கி வேறு பாத்திரத்தில் கொட்டுங்கள். சட்டியிலேயே விட்டால் அடுப்பை அணைத்த பிறகும் கருகும்.

நாட்டுக்கோழிக் குழம்புக்கு மல்லிக்கும் சீரகத்துக்கும் கணக்கு என்ன?

மல்லி நான்கு பங்குக்குச் சீரகம் ஒரு பங்கு, மிளகு அரைப் பங்கு. மிளகாய் உங்கள் வீட்டு நாக்குக்கு. சின்ன வெங்காயத்தை வதக்கித் தேங்காயோடு அரைத்துவிட்டால் வேறு ஒன்றும் வேண்டாம். சீரகம் இந்த அளவைத் தாண்டினால் கோழி ருசி போய், மருந்துக் குழம்பு போலாகிவிடும். பள்ளிபாளையம் வறுவலுக்கு மசாலாப் பொடியே தேவையில்லை, அதில் மிளகாயும் சின்ன வெங்காயமும் தேங்காயும்தான் ஆள்கின்றன. அங்கே சீரகத்தைத் திணிக்கவேண்டாம்.

செலவு ரசத்துக்குச் சாமான் கட்டித் தருவீங்களா?

தருவோம். வெளியூரிலிருந்து வாழ வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை: இங்கே செலவு என்றால் அரைக்கிற மளிகைச் சாமான். மல்லி, மிளகு, சீரகம், திப்பிலி, சித்தரத்தை என்று ஒரு பொட்டலம் கட்டுவோம், கடைக்குக் கடை கொஞ்சம் கூடும் குறையும். சளி பிடித்தால், பிள்ளை பெற்ற வீட்டில், ஐப்பசி மழைக்கு என்று கேட்டு வருவார்கள். திப்பிலியும் மிளகும் எரிக்கிற சாமான், சீரகம் இல்லாவிட்டால் அந்த ரசத்தை ஒரு டம்ளர் குடிக்க முடியாது. அதனால் பொட்டலத்தில் சீரகத்தைக் குறைத்துக் கட்டும் கடையை நான் மதிப்பதில்லை.

பாக்கெட் சீரகத்தூள் வாங்கலாமுங்களா?

விற்பவன் சொல்கிறேன்: வேண்டாம், முடிந்தவரை. பொடித்த நிமிடத்திலிருந்து எண்ணெய் பறக்கத் தொடங்குகிறது. முழுச் சீரகம் ஒரு வருடம் தாங்கும், தூள் இரண்டு மூன்று மாதத்தில் மங்கிவிடும். வேலைக்குப் போகிறவர்கள் வாரத்துக்கு ஒரு தடவை, இரண்டு கரண்டி வறுத்து மிக்சியில் ஒரு சுற்றுச் சுற்றி வைத்துக்கொண்டால் போதும். அதற்கும் நேரமில்லை என்றால் சின்ன பாக்கெட்டாக, அரைத்த தேதி பார்த்து வாங்குங்கள்.

கலப்படம் கண்டுபிடிக்கிறது எப்படி?

உள்ளங்கையில் கொஞ்சம் போட்டு நன்றாகத் தேயுங்கள். கை கறுத்தால் கரித்தூள் பூசிய புல்விதை இருக்கிறது. உணவுப் பாதுகாப்புத் துறை சொல்லும் சோதனையும் இதுதான். அடுத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். சீரகம் கரையாது. 2019-இல் தில்லியில் புல்லையும் வெல்லப்பாகையும் கல்தூளையும் சேர்த்துப் போலிச் சீரகம் செய்த இடத்தைப் போலீசார் பிடித்தார்கள். அந்த மாதிரிச் சரக்கு தண்ணீரில் பிசுபிசுத்துப் போகும்.

இதைவிட அதிகம் நடப்பது வேறு. எண்ணெய் எடுத்த சக்கைச் சீரகத்தையோ பழைய சரக்கையோ நல்ல சரக்கோடு கலப்பது. இது கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத் தெரியும். இரண்டு சீரகத்தைப் பல்லில் கடியுங்கள். நாக்கில் சுறுசுறுவென்று ஒரு காரம் ஏறவேண்டும். தவிட்டைக் கடித்ததுபோல் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். கடைக்காரன் முகம் சுளித்தால் கடையை மாற்றுங்கள்.

சீரகத் தண்ணி குடிச்சா உடம்பு எளைக்குமுங்களா?

அதற்காக இப்போது காலையில் வாங்குகிறவர்கள் நிறைய. சிறிய அளவில் ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன, ஆனால் சீரகத் தண்ணி மட்டும் தொப்பையைக் கரைக்கும் என்று சொல்லும் அளவுக்கு எதுவும் இல்லை. காலையில் சர்க்கரைக் காப்பிக்குப் பதிலாக அதைக் குடித்தால் சர்க்கரை குறைகிறது, அந்த லாபம் உண்டு. சாப்பிட்டபின் வயிறு உப்புசத்துக்கு இதம் என்பது பலர் அனுபவம். சித்த மருத்துவத்தில் பஞ்சதீபாக்கினி சூரணத்தில் சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலத்தோடு சீரகமும் சேர்வது செரிமானத்துக்காகத்தான். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை நிறுத்திவிட்டுச் சீரகத் தண்ணியை நம்பக் கூடாது.

பாலக்காடு பக்கம் ஹோட்டலில் வைக்கும் வெதுவெதுப்பான இளமஞ்சள் தண்ணீர் சீரகம் போட்டது. சிவப்பாக இருந்தால் அது பதிமுகக் கட்டை, சீரகம் அல்ல.

இரும்புச்சத்து நெறைய இருக்குதாமே?

100 கிராம் சீரகத்தில் 66 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு இருக்கிறது, உண்மைதான். ஆனால் 100 கிராம் சீரகத்தை யார் தின்பது? ஒரு டீஸ்பூன் இரண்டு கிராம் சொச்சம். அதில் ஒன்றரை மில்லிகிராமுக்குள்தான், அதையும் நான்கு பேர் பங்கிட்டுச் சாப்பிடுகிறோம். ரத்தம் குறைவு என்று டாக்டர் சொன்னால் கீரை, கம்பு, ராகி, ஈரல் என்று போங்கள். சீரகம் ருசிக்கு.

கைக்குழந்தைக்குச் சீரகத் தண்ணி கொடுக்கலாமா?

ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம், தண்ணீர்கூட. அம்மிச்சி சொன்னாலும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு பருப்புச் சோற்றில் ஒரு சிட்டிகை தட்டிப் போடுவதில் தவறில்லை.

2023-ல சீரகம் ஏன் அப்படி ஏறுச்சு?

அந்த வருடம் ஊஞ்சாவில் குவிண்டால் 60,000 ரூபாயைத் தாண்டியது. அதாவது மண்டியிலேயே கிலோ 600 ரூபாய். கடையில் நூறு கிராம் கேட்டவர்கள் ஐம்பது கிராமுக்கு வந்தார்கள். முந்தைய பட்டங்களில் நிறையப் பேர் கடுகு போன்ற பயிருக்கு மாறியிருந்தார்கள், இருப்புக் குறைந்திருந்தது, போதாததற்கு மார்ச்சில் அறுவடை நேரத்தில் மழை. விலையைப் பார்த்து அடுத்த பட்டத்தில் எல்லோரும் சீரகமே விதைத்தார்கள். 2024 விளைச்சல் வந்ததும் பாதிக்கும் கீழே விழுந்தது. தக்காளி, சின்ன வெங்காயத்தில் நாம் பார்க்காததா?

வருசத்துக்கு ஒருக்கா வாங்கி வெச்சுக்கலாமுங்களா? எப்ப வாங்கறது?

புதுச் சரக்கு மாசி, பங்குனியில் மண்டிக்கு வந்து, நம் பக்கம் சித்திரையில் நன்றாகப் புழங்கும். மிளகாய், மல்லி வாங்கிக் காயவைத்து மில்லுக்கு அனுப்பும் அதே சமயம்தான், சேர்த்து வாங்கிவிடலாம். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 100 கிராம் வைத்துக்கொண்டால் ஒன்றேகால் கிலோ தாராளம். புதுச் சீரகத்தில் பச்சை கலந்த பழுப்பு தெரியும், பழையது மண் நிறத்துக்குப் போயிருக்கும்.

மிளகாயைப்போல் நாள் கணக்கில் வெயிலில் போடாதீர்கள். எண்ணெய் போய்விடும். காலை வெயிலில் ஒரு தடவை காட்டி, ஆறவைத்து, காய்ந்த கண்ணாடி ஜாடியிலோ எவர்சில்வர் தூக்கிலோ இறுக்கி மூடுங்கள். அடுப்புக்கு மேல் அலமாரியில் வைக்கவேண்டாம், அங்கே சூடும் ஆவியும் படும். மாதச் செலவுக்குத் தனி டப்பாவில் எடுத்துக்கொண்டு பெரிய ஜாடியை அடிக்கடி திறக்காமல் இருந்தால், சிறு பழுப்பு வண்டு பிடிப்பதும் குறையும். வண்டு விழுந்து மாவு மாவாக உதிர்ந்திருந்தால் சலித்து வைத்துக்கொள்ளப் பார்க்காதீர்கள், கொட்டிவிடுங்கள். மழை மாதத்தில் நமத்ததுபோல் தெரிந்தால் வெறும் சட்டியைச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, அந்தச் சூட்டில் ஒரு பிரட்டுப் பிரட்டி, ஆறியதும் திரும்ப ஜாடியில் போட்டால் சரியாகிவிடும்.